தாய்மாமன் ஊசி

தினேஷ்பாண்டிக்கு வேட்டி கட்டவே வராது. ஒட்டிக்கொள்கிற ரகத்தில் ஒரு பட்டு வேட்டியை வாங்கிச் சுற்றிவிட்டு, மண்டப மேடையின் நட்டநடுவில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் மூச்சு முட்டுகிற அளவுக்கு மாலை. வலது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி, சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவன் தங்கை மோனிஷா, ஏழு மாத வயிறும் இரண்டு கை நிறைய வளையலுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசியப் பாருங்கண்ணே, கேமராவப் பாக்காதீங்க" என்றான் போட்டோக்காரன்.

நர்ஸ் ஊசியைச் சந்தனத்தின் மேல் தொட்டும் தொடாமலும் பிடித்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். கேமராக்கள் மின்னின. மோனிஷாவின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நர்ஸ் அந்த ஊசியைக் குத்தாமலே தட்டில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, மணப்பெண் உடை மாற்றுகிற அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே யுவராணி தோளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தினேஷ்பாண்டியின் மனைவி. ஊசி அவளுக்குத்தான்.

"சீக்கிரம் கையக் காட்டும்மா. அடுத்து இன்னொரு மண்டபத்துக்கு ஓடணும்" என்றாள் நர்ஸ்.

அந்த மண்டபத்திலும் ஒரு மாமன் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பான், உள் அறையில் அவன் மனைவி நின்றுகொண்டிருப்பாள். கோவில்பட்டியில் இருந்து மதுரை வரைக்கும் இதுதான் நடைமுறை. தெரியாதவர்கள் யாரும் இல்லை, வாயைத் திறந்து சொல்கிறவர்களும் இல்லை.

அதன் பெயர் பழக்க ஊசி. அது எதற்கு என்று சுகாதார நர்ஸ் சாத்தூரில் தினேஷ்பாண்டி வீட்டுக்கே வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தாள்.

"புள்ள பெத்த ஒடம்புல சில பேருக்குக் கிருமி ரத்தத்துல ஏறிரும். அதை எதுக்கிறேன்னு ஒடம்பு தன்னையே அடிச்சுக்கிரும்மா. கிட்னி நிக்கும், ஈரல் நிக்கும், நுரையீரல் நிக்கும், ஒண்ணொண்ணா. மருந்து வேலை செய்யிற வரைக்கும் தாய் தாங்கணும்ல? அதுக்குத்தான் இணை. இன்னொரு ஆளப் பக்கத்துல படுக்க வச்சு, ரெண்டு பேரு ரத்தத்தையும் மிஷின் வழியா ஒண்ணா ஓட விடுறது. அந்த ஆளோட கிட்னியும் ஈரலும் இவளுக்கும் சேத்து வேலை பாக்கும்."

"யாரு வேணா படுக்கலாமா?" என்று யுவராணி கேட்டாள்.

"படுக்கலாம். ஆனா தாயோட ரத்தத்துல செஞ்ச இந்த ஊசிய முன்னாடியே போட்டிருக்கணும். போடாத ஆள இணைச்சா ரெண்டு ரத்தமும் சண்டை போட்டு ரெண்டு பேருமே போயிருவாக. ஒரு தாய்க்கு ஒரு ஊசிதான், அதனால யோசிச்சு ஆளச் சொல்லுங்க. மாசமா இருக்கிறவுக மட்டும் படுக்கவே கூடாது. வயித்துல உள்ளது தங்காது."

அரசாங்கம் யாராவது ஒரு ஆள் என்றுதான் சொன்னது. நம் சனம் விடுமா? முதல் பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்றால் இணையும் தாய்வீட்டுப் பொறுப்புதானே என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள். தாய்வீட்டில் யார்? பிறக்கப்போகும் பிள்ளையின் தாய்மாமன். சீர் வரிசைத் தட்டுகளோடு தட்டாக ஊசித் தட்டும் வந்து சேர்ந்தது. தாய்மாமன் சீருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? மேடையில் கையை நீட்டாத மாமன் ஒரு மாமனா? எட்டயபுரத்தில் ஒரு மாமன் தங்கைக்கு இணை படுத்து, சிறுநீரகம் சுருங்கிப் போய் எழுந்து வந்தான். அந்தச் செய்தி பரவிய மறுமாதத்தில் இருந்து மாமன்கள் மேடையிலேயே இருந்துகொண்டார்கள், ஊசி மட்டும் உள் அறைக்குள் போக ஆரம்பித்தது.

யுவராணியிடம் அவள் மாமியார் பாண்டிச்செல்வி பேசியது அடுக்களையில்.

"அவன் லோடு ஆட்டோ ஓட்டுறவன் தாயி. நாளைக்கு அவன் படுத்துட்டா குடும்பமே உக்காந்துரும்."

"நானும்தான அத்தை காலண்டர் கம்பெனிக்குப் போறேன்?"

"நீ போறது வேற, அவன் போறது வேற. அதுவுமில்லாம ஒனக்கென்ன, கையில புள்ளையா இருக்கு? படுத்துக் கெடந்தாக் கூட எதுவும் அழப்போறதில்ல."

கல்யாணமாகி ஐந்து வருஷம். இந்த வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் பாண்டிச்செல்வி சொல்லியாயிற்று. ஒரே ஒருத்திதான் அந்த வீட்டில் எதிர்த்துக் கேட்டவள். "இன்னொரு தடவ மதினிய அப்படிச் சொன்ன, நான் இந்த வீட்டுச் சோத்தத் தொட மாட்டேன்" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போன மோனிஷா. யுவராணி ஊசி போட்டுக்கொண்டது மாமியார் சொல்லுக்காக இல்லை, அந்தத் தட்டுக்காக.

மோனிஷாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்து வீடியோவில் பார்த்து அழுதான். எல்லாம் நல்லபடி என்று பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் மோனிஷாவுக்குக் காய்ச்சல் கண்டது.

"பால் கட்டியிருக்கு, அதான் காயுது. வெந்நி ஒத்தடம் குடு, சரியாப் போகும்" என்றாள் பாண்டிச்செல்வி.

மோனிஷாவின் துணிகளை அலசியது யுவராணி. மூன்றாம் நாள் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அது வழக்கமான வாடை இல்லை, ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது.

"அத்தை, துணியில வாடை வேற மாதிரி வருது. அவளும் அடிவயிறு வலிக்குதுங்கா. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

"பச்ச ஒடம்புக்காரி துணி மல்லிகப்பூவா மணக்கும்? பேறு பாத்த ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. அப்படியே ஒண்ணுன்னாலும் இப்ப என்ன கெட்டுப்போச்சு? அதான் இணை இருக்குல்ல!"

அந்த ஒரு வார்த்தை எத்தனை வீட்டில் எத்தனை பெண்களைப் படுக்கையிலேயே கிடத்தியதோ தெரியாது. ஒரு காய்ச்சலுக்குப் பதறி ஓடிய காலம் போய், இணை இருக்கிறது என்ற தைரியத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யுவராணியும் அதற்கு மேல் பேசவில்லை.

துணி அலசும்போது வந்த குமட்டல் துணியோடு போகவில்லை. காலையில் பல் விளக்கும்போதும் வந்தது. நாள் தள்ளிப் போயிருந்தது. அவளுக்கு அப்படித் தள்ளிப் போவது புதிதல்ல, ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அழுததும் புதிதல்ல. இருந்தாலும் மருந்துக்கடையில் ஒரு கிட் வாங்கி வந்து குளியலறையில் பார்த்தாள். இரண்டு கோடு. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இரண்டு கோடுதான். வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சத்தம் வராமல் சிரித்தாள். முதலில் மோனிஷாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மோனிஷாவுக்குக் கட்டிலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கை கால் ஐஸாகக் கிடந்தது, நெற்றி கொதித்தது. குழந்தையைக் காட்டி "இது யாரு வீட்டுப் புள்ள மதினி, இப்படி அழுகுது?" என்று கேட்டாள்.

பைபாஸ் ரோட்டு நர்சிங் ஹோமில் மோனிஷாவைத் தொட்டுப் பார்த்ததுமே டாக்டர் ஜாய்ஸுக்கு முகம் மாறியது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"எத்தனை நாளாக் காய்ச்சல்? இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஆரம்பத்துலயே வந்திருந்தா வெறும் ஊசி மருந்துலயே போயிருக்கும். பிரஷர் நிக்கல, யூரின் நின்னு போச்சு. உடனே இணைச்சாகணும். யாரு இணை?"

"நான்தான் டாக்டர்" என்று தினேஷ்பாண்டி முன்னால் வந்தான். குரலில் நடுக்கம் கூட இல்லை. பாவி மனுஷன், மேடையை விட்டு இறங்கிய நாளில் இருந்து ஊரெல்லாம் சொல்லிப் பழகியிருந்தான்.

"இணை அறைக்குப் போங்க. அங்க உங்களுக்குத் தனி நர்ஸ் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். தாயைப் பார்க்கிற டாக்டர் இணையைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். பார்த்தால் தாயைக் காப்பாற்றுகிற வேகத்தில் இணையைப் பிழிந்துவிடுவார்களாம். நல்ல சட்டம்தான். அந்தத் திரை மறைவு இல்லாவிட்டால் மாமன்கள் எல்லாரும் எப்போதோ மாட்டியிருப்பார்கள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் யுவராணி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, நான் படுக்க முடியாது. நான் உண்டாகியிருக்கேன். காலையிலதான் பாத்தேன்."

பாண்டிச்செல்வி ஐந்து வருஷமாக எந்த வார்த்தைக்காக மருமகளைக் குத்திக் கிழித்தாளோ, அந்த வார்த்தை இன்றைக்கு வந்து நின்றது. அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை.

"எத்தன மாசம்?"

"ரெண்டு இருக்கும்."

"ரெண்டுன்னா அது இன்னும் ரத்தந்தான் தாயி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்திநாலு வருசம் வளத்த புள்ள உள்ள கெடக்கா. ஒன்னத் தவிர யாரு ரத்தமும் அவளுக்குச் சேராது. ஒனக்குத்தான் தரிக்க ஆரம்பிச்சிருச்சுல்ல, இனி அடுத்த மாசங்கூட நிக்கும். யார்ட்டயும் சொல்லாத. சொன்னா உள்ள விட மாட்டாக."

யுவராணி புருஷனைப் பார்த்தாள். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"நானே படுக்குறேன்மா" என்றான் தினேஷ்பாண்டி.

"ஊசி போடாம நீ படுத்தா ரெண்டு பேரும் சாவீக" என்றாள் அவன் அம்மா. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். சொல்லிவிட்டதால் அவன் மனசு கொஞ்சம் லேசாகியிருக்க வேண்டும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழ ஆரம்பித்தான்.

உள்ளே மோனிஷா எதற்கோ ஓங்கிக் கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க யுவராணியால் முடியவில்லை. இன்றைக்கென்று பார்த்து இரண்டு கோட்டைக் காட்டிய கடவுளை மனசுக்குள் திட்டிக்கொண்டு இணை அறைக்குள் போனாள்.

இணை நர்ஸ் சகாயம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். படுக்க வைத்து, கழுத்திலும் தொடையிலும் குழாய் செருகினாள். தலைமாட்டில் இருந்த மிஷின் பேசியது.

"வணக்கம் தினேஷ்பாண்டி அவர்களே. நீங்கள் கடைசியாக மது அருந்தியது எப்போது?"

"இல்லைன்னு சொல்லு" என்றாள் சகாயம்.

"இல்ல" என்றாள் யுவராணி.

"புகைப்பழக்கம் உண்டா?"

"இல்ல."

பெண் என்றால் அது நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டிருக்கும். சிறுநீரை வாங்கிப் பார்த்திருக்கும். ஆண் பெயருக்கு எதற்கு அந்தக் கேள்வி? மிஷினுக்கு ரத்தம் தெரியும், ஆள் தெரியாது. "நன்றி தினேஷ்பாண்டி அவர்களே, உங்கள் தியாகத்தை வணங்குகிறோம்" என்று சொல்லிவிட்டு அது ஓட ஆரம்பித்தது. குழாய் சூடாயிற்று. சற்று நேரத்தில் யுவராணிக்குக் குளிர் நடுங்கியது, மோனிஷாவின் காய்ச்சல் அவள் உடம்புக்குள் வந்து இறங்கியது.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மோனிஷா பிதற்றிக்கொண்டே கிடந்தாள். "மதினி, பால் பொங்குது, அடுப்ப அமத்துங்க" என்றாள். "அமத்திட்டேன், நீ தூங்கு" என்று இந்தப் பக்கம் இருந்து யுவராணி மெதுவாகச் சொன்னாள். சொன்னதும் அவள் அடங்கினாள். மறுநாள் காலையில் பிதற்றல் குறைந்தது. பிரஷர் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

மத்தியானம் டாக்டர் ஜாய்ஸ் குரல் திரைக்கு அப்பால் கேட்டது. பாண்டிச்செல்வியிடமும் தினேஷ்பாண்டியிடமும் பேசிக்கொண்டிருந்தார். தினேஷ்பாண்டி ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் தம்பி என்று சொல்லி நின்றிருந்தான். முகமூடிக்குள் யாரை யாருக்குத் தெரியப்போகிறது?

"இணை நல்லா தாங்குது. ஆனா வேற ஒரு சிக்கல். கர்ப்பமா இருக்கும்போது நஞ்சுக்கொடி ஒரு சுரப்பச் சுரக்கும். குழந்தை பிறந்ததும் அது ரத்தத்துல இறங்கிப் போயிரணும். இவங்களுக்கு நேத்துல இருந்து ஏறிக்கிட்டே இருக்கு."

"ஏறுனா என்ன டாக்டரம்மா?"

"நஞ்சுக்கொடித் துண்டு ஒண்ணு உள்ளயே தங்கி உயிரோட வளருதுன்னு அர்த்தம். ஸ்கேன்ல ரத்தக்கட்டியா இருக்கு, தெளிவாத் தெரியல. கிருமிக்கு அதுதான் கூடு. கர்ப்பப்பைய எடுத்துரணும். இந்த நெலமைல ஆபரேஷனும் ஆபத்துதான், ஆனா வேற வழி இல்ல."

ஏறிக்கிட்டே இருக்கு. யுவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மோனிஷாவுடையது இல்லை. குழாய் வழியாக இங்கிருந்து போவது. ஏறுகிறது என்றால் உயிரோடு இருக்கிறது! இத்தனை காய்ச்சலிலும் மருந்திலும் அந்தப் பொட்டு உயிர் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? பக்கத்துக் கட்டிலில் ஒருத்தியின் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறேன் என்கிறார்கள், இவள் கண்ணீர் வழியச் சிரிக்கிறாள்.

அதற்குள் மாமியாரின் குரல் வந்தது.

"எடுத்துருங்க டாக்டரம்மா. பேரன் ஒண்ணு இருக்கான்ல, போதும். எங்க கையெழுத்துப் போடணும்?"

பாண்டிச்செல்விக்குத் தெரியும். அது யாருடைய சுரப்பு என்று பக்கத்தில் நின்ற மகனுக்கும் தெரியும், அம்மா பேசட்டும் என்று அவன் விட்டுவிட்டான். வாயைத் திறந்தால் மருமகளைக் கழற்றிவிடுவார்கள், மகள் போய்விடுவாள். திறக்காவிட்டால் கர்ப்பப்பை மட்டும் போகும். அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

யுவராணிக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. பேசாமல் கிடந்தால் மோனிஷாவை வீணாக அறுப்பார்கள், அறுக்கும்போதே செத்தாலும் சாவாள். பேசினால் தன்னைக் கழற்றுவார்கள், தன் பிள்ளை பிழைக்கும், மோனிஷா பிழைக்க மாட்டாள். அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது.

"டாக்டர், கத்திய எடுக்காதீங்க!" என்று கத்தினாள். "அது அவளோடது இல்ல. என்னோடது!"

திரை சரக்கென்று விலகியது. ஒரு ஆணை எதிர்பார்த்து வந்த டாக்டர் ஜாய்ஸ், குழாய்களுக்கு நடுவே கிடந்த பெண்ணைப் பார்த்து முகமூடியைக் கீழே இழுத்தார்.

"நீ யாரும்மா?"

"தினேஷ்பாண்டி சம்சாரம். ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன்."

"சிஸ்டர், என்ன இது?"

"எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான டாக்டர்" என்றாள் சகாயம். "உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

டாக்டர் யுவராணியின் தலைமாட்டில் வந்து குனிந்தார்.

"கேட்டுக்கம்மா. அவளுக்குக் குடுக்கிற மருந்தெல்லாம் உன் உடம்புலயும் ஓடுது. இன்னும் ஒரு நாள் இப்படியே ஓடுனா உன் குழந்தை நிக்காது. இப்பவே கழட்டுனா ஒருவேளை நிக்கலாம். சட்டப்படி நான் இப்பவே கழட்டணும். கழட்டுனா மோனிஷா சாயங்காலம் தாண்ட மாட்டாங்க. இன்னும் ஒரு நாள் ஓடுனா ஆபரேஷன் இல்லாமலே தேறிருவாங்க. கர்ப்பப்பையில கோளாறு இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு."

பாண்டிச்செல்வி ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டில் விழுந்து மருமகளின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். கூந்தல் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"தெரிஞ்சுதான எடுத்துருங்கன்னு சொன்னீக?" என்று கேட்டாள் யுவராணி.

"உசுராவது மிஞ்சட்டும்னு சொன்னேன் தாயி. நீ என்ன வேணாலும் திட்டு. என் புள்ளைய விட்டுராத."

தினேஷ்பாண்டி முகமூடியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான். "நீ என்ன சொல்றியோ அதுதான் யுவா" என்றான். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான். யுவராணிக்கு அந்த நிமிஷத்தில் மாமியார் மேல் இருந்ததைவிட அவன் மேல்தான் அதிகம் வெறுப்பு வந்தது. மாமியாராவது காலைப் பிடித்தாள்.

விலகிய திரை வழியாக மோனிஷா தெரிந்தாள். முகம் வீங்கி, உதடு வெடித்து, கண் பாதி திறந்து கிடந்தாள். யுவராணியின் ரத்தம் ஒரு குழாயில் அவளுக்குள் போவதும், அவள் ரத்தம் இன்னொரு குழாயில் திரும்பி வருவதும் தெரிந்தது. யாராவது வந்து வெடுக்கென்று பிடுங்கியிருந்தால் யுவராணி சும்மா இருந்திருப்பாள். பிடுங்கு என்று தன் வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

"கழட்டாதீங்க" என்றாள்.

டாக்டர் ஜாய்ஸும் கணக்குப் போட்டுப் பார்த்தார். புகார் எழுதினால் நர்சிங் ஹோமுக்குப் பூட்டு விழும், தன் படிப்பும் போகும். "நான் எதையும் பாக்கல. இங்க தினேஷ்பாண்டிதான் படுத்திருக்கார்" என்று சகாயத்திடம் சொல்லிவிட்டு, திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடினார்.

மறுநாள் விடிந்த பிறகு யுவராணிக்கு இடுப்பு வலி எடுத்தது. அப்புறம் ஈரம். சகாயம் வந்து துணியை மாற்றிவிட்டு, தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் இருந்த சின்ன நர்ஸுக்கு எதுவும் தெரியாது. ரத்தம் பார்த்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்கிற ஆசையில் உரக்கச் சொன்னாள்.

"பாட்டி, சந்தோசமான விசயம்! அந்தச் சுரப்பு இறங்க ஆரம்பிச்சிருச்சு!"

திரைக்கு இந்தப் பக்கம் யுவராணி போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரு வருஷம் கழித்து பையனுக்கு முடியெடுத்துக் காது குத்தினார்கள். குலதெய்வக் கோயில் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். 'தங்கையின் உயிர் காத்த தாய்மாமனே வருக!' கூப்பிய கையோடு தினேஷ்பாண்டி பனைமர உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழ்மூலையில் சொந்தக்காரர்களின் சின்னச் சின்ன முகங்களில் ஒன்றாக யுவராணியும் இருந்தாள்.

பந்தலில் மருமகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் போட்டார்கள். "ஒரு வாரம் படுத்த படுக்கையாக் கெடந்தாராம்ல?" என்று கிழவர் ஒருவர் கேட்டார். "தங்கச்சிதான, செய்யாம?" என்றான் தினேஷ்பாண்டி. இப்போதெல்லாம் அவன் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டான். குறைப்பட்டுப் போனவள் தட்டுத் தொட வேண்டாம் என்று யாரோ பாண்டிச்செல்வியின் காதில் சொல்லியிருந்தார்கள், அதனால் யுவராணியை இலை போடுகிற இடத்தில் நிற்க வைத்திருந்தார்கள். இணை படுத்தது மதினிதான் என்று மோனிஷாவுக்குத் தெரியும், கரு கலைந்ததை மட்டும் அவளிடம் வெறும் வயிற்றுவலி என்றே சொல்லி வைத்திருந்தார்கள். பச்சை உடம்புக்காரி மனசு தாங்காது என்றார்கள். பச்சை உடம்பு தேறிய பிறகும் சொல்லவில்லை.

யுவராணி அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. ஒரு வருஷம் போகட்டும், இணை படுத்ததில் அடிபட்ட கிட்னி தேறட்டும், அப்புறம் முயற்சி பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் போனபோது, தேறிவிட்டது, இனி பயமில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் அன்றைக்கு வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மோனிஷா வந்து கையைப் பிடித்துத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். பட்டுப் புடவையில் பூரித்துப்போய் இருந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளு."

"அவுக அடுத்த மாசம் மஸ்கட்ல இருந்து வந்துருவாக. எனக்கு ஒரு பொம்பளப் புள்ள வேணும் மதினி. ஆனா பயமா இருக்கு. அந்தக் காய்ச்சல் ஒரு தடவ வந்தவுகளுக்கு மறுபடி வரக்கூடுமாம். அதுவும் ஒரு தடவ ஒருத்தர் ரத்தத்தோட பழகிட்டா, அப்புறம் வேற யாரு ரத்தமும் சேராதாம், எத்தன ஊசி போட்டாலும். இனி எனக்கு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மதினி." அவள் கண் கலங்கிவிட்டது. யுவராணியின் கைகளைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அதனால, நான் பெத்து எந்திரிக்கிற வரைக்கும் நீங்க மாசமாகாம பாத்துக்கிருவீகளா?"

பின்னால் பாண்டிச்செல்வி வந்து நின்றாள். மருமகள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"ரெண்டு மூணு வருசம்தான தாயி. அதுக்குக் கையில வைக்கிற குச்சி ஒண்ணு இருக்காம், ஒரு தடவ வச்சா கவலையே இல்லையாம். சகாயம் சிஸ்டர்ட்ட சொல்லிட்டேன், திங்கக்கெழம வரச் சொல்லிருக்கா."

"இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் யுவராணி.

"அண்ணன்தான் மதினி, நீங்க ஒத்துக்கிருவீகன்னு சொல்லுச்சு."

பந்தலில் தட்டான் ஊசியை எடுத்தான். பையன் வீல் என்று அலறினான். மடியில் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தினேஷ்பாண்டி கேமராவைப் பார்த்துச் சிரித்தான். மோனிஷா பதில் வருமென்று மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கள்ளம் ஒரு துளி கூட இல்லை.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம் என்று யுவராணிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. தன் பிள்ளை எப்படியும் போயிருக்கும். இவள் கர்ப்பப்பையையும் அறுத்து எடுத்துப் போட்டிருப்பார்கள். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாகக் கூட இல்லை.

"சரி" என்றாள்.